பசிபிக் தீவுகளுக்குத் தேடிப் போனார்களா, காற்றடித்து ஒதுங்கினார்களா?

கரைவலை:
ஹவாய், ரபா நூயி (ஈஸ்டர் தீவு), நியூசிலாந்து என்ற முக்கோணம் முழுக்க ஒரே மொழிக் குடும்பம். ‘ஐந்து’ மலாயிலும் ஹவாயியிலும் ‘லிமா’, மாவோரியில் ‘ரிமா’. அங்குள்ள பாலினேசியர்கள் தைவானிலிருந்து பரவிய ஆஸ்ட்ரோனேசியர்களின் வழிவந்தவர்கள்தான், சரி. ஆனால் ‘மாபெரும் கடலோடிகள்’ என்று கொண்டாடுவதில்தான் சந்தேகம். மீன்பிடிக்கப் போனவன் புயலில் அகப்பட்டு எங்கோ ஒதுங்கியிருக்கலாமே? 1956-இல் நியூசிலாந்து வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ ஷார்ப் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்.

ஈரப்பலா:
மீன்பிடிக்கப் போகிறவன் பெண்டு பிள்ளை, பன்றி, கோழி, சேப்பங்கிழங்கு சகிதமாகவா போவான்? என் பெயரையே பாருங்கள். அங்கே பரவிய ஈரப்பலாவில் கொட்டையே இல்லாத ரகங்கள் உண்டு. வேரில் வெடிக்கும் கன்றைப் பெயர்த்து, ஈரம் காயாமல் பொதிந்து, உப்புத்தண்ணீர் படாமல் நாள்கணக்கில் படகில் காப்பாற்றினால்தான் அடுத்த தீவில் பிழைக்கும். புயலில் சிக்கியவன் செய்கிற வேலையா இது?

கரைவலை:
கன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது, இவர்களோ எதிர்த்துக் கிழக்கே போனார்களாம். நார்வேக்காரர் ஹெயர்டால் 1947-இல் பெருவிலிருந்து கோன்-டிக்கி தெப்பத்தில் 101 நாள் மிதந்து பாலினேசியாவின் ரரோயா தீவில் கரை தட்டினாரே, அதுதானே காற்றின் போக்கு?

ஈரப்பலா:
அந்தத் தெப்பத்தைக் கரையிலிருந்து இழுத்துப் போய் நடுக்கடலில் விட்டது ஒரு கப்பல். அதை யாரும் சொல்வதில்லை! எதிர்க்காற்றில் போவதுதான் புத்திசாலித்தனம். தீவு கிடைக்காவிட்டால் அதே காற்று வீட்டுக்குத் திருப்பித் தள்ளிவிடும். 1973-இல் காற்றையும் நீரோட்டத்தையும் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். வெறுமனே மிதந்து ஹவாய்க்குப் போய்ச் சேர வழியே இல்லை. 1976-இல் மைக்ரோனேசியாவின் சத்தவால் தீவைச் சேர்ந்த மாலுமி மவ் பியாய்லுக், ஹோக்குலேயா என்ற இரட்டைப் படகை ஹவாயிலிருந்து டஹிட்டிக்கு ஓட்டினார். திசைகாட்டிகூட இல்லை, நட்சத்திரமும் அலையின் போக்கும்தான்.

கரைவலை:
துணைக்கு இன்னொரு படகும் போனது. அது கிடக்கட்டும். டஹிட்டி அங்கே இருக்கிறது என்று தெரிந்து போவதும், ஒன்றுமே தெரியாமல் முதன்முதலாகப் போவதும் ஒன்றா?

ஈரப்பலா:
நியாயமான கேள்வி. என் ஊகம் இது: தங்க உப்புக்கொத்தி குளிர்காலத்தைத் தென்கடல் தீவுகளில் கழித்துவிட்டு வடக்கே பறக்கும். அது தண்ணீரில் தங்குகிற பறவை இல்லை. வருடா வருடம் அது ஒரே திசையில் போவதைப் பார்த்தவனுக்கு, அந்தப் பக்கம் தரை இருக்கிறது என்று தோன்றாதா?

கரைவலை:
அது அலாஸ்காவுக்கல்லவா போகிறது? அதை நம்பிக் கிளம்பியவன் கதி?

ஈரப்பலா:
வழியில் ஹவாய் வந்துவிட்டது.