புதுப்பிப்பு: வயதான நாய்க்கு மூட்டுவலி – வீடியோதான் கைகொடுத்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: எங்கள் கறுப்பனுக்கு 12 வயது. காலையில் எழும்போது பின்னங்கால் நடுங்கும், படியேற மாட்டான். ஆனால் டாக்டரிடம் கூட்டிப்போனால் ஒன்றுமே இல்லாததுபோல் நடப்பான். என்ன செய்வது என்று கேட்டிருந்தேன்.

"வீட்டில் நடப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. தூங்கி எழுந்த முதல் இரண்டு நிமிடத்தை எடுத்தேன். டாக்டர் அதை இரண்டு முறை பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுத்தார். இரண்டு இடுப்பு மூட்டிலும் தேய்மானம். சிறுநீரகமும் கல்லீரலும் சரியாக இருக்கின்றனவா என்று ரத்தப் பரிசோதனை செய்த பிறகே மெலாக்சிகாம் என்ற வலி மருந்தை எழுதினார். சாப்பாட்டோடுதான் தரவேண்டும்; வாந்தியோ கறுப்பு மலமோ வந்தால் நிறுத்திவிட்டு உடனே கூப்பிடச் சொன்னார்.

நாம் போடும் வலி மாத்திரையில் பாதி தரலாமா என்றும் அன்று கேட்டிருந்தேன். நல்லவேளை தடுத்தீர்கள். ஐபுப்ரோஃபென் நாய்க்கு விஷமாம்.

எதிர்பாராதது நகம்தான். நடை குறைந்ததால் தேயாமல் வளர்ந்து, தரையில் டக் டக்கென்று தட்டி வழுக்கியிருக்கிறது. வெட்டிவிட்டு, அவன் போகும் வழியெல்லாம் ரப்பர் விரிப்பு போட்டோம். அப்புறம், தீனியைக் குறைத்ததில் 2 கிலோ இறங்கியிருக்கிறான்.

ஆறு வாரம் ஆகிறது. படி இன்னும் ஏறுவதில்லை. ஆனால் அழைப்பு மணி அடித்தால் எங்களுக்கு முன்னால் கதவருகே நிற்கிறான்.