புதுப்பிப்பு: தம்பியின் கமிஷன் பிடித்தம், பாதிப் பணம் வந்துவிட்டது

வேலூர் லாங்கு பஜார் துணிக்கடை ஒன்றில் என் தம்பிக்குக் கமிஷனை ரொக்கமாகக் கொடுக்கிறார்கள். திரும்பி வந்த புடவை, இருப்பில் குறைந்த துண்டு என்று அதில் பிடித்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். இப்போது பாதி வந்துவிட்டது. காப்பாற்றியது, பில் எண்ணோடு அவன் தினமும் எழுதிவைத்த நோட்டு. ரசீதே இல்லாத சம்பளத்துக்கு வேறு சாட்சி ஏது?

பொருள் தொலைந்ததற்காகச் சம்பளத்தில் பிடிப்பதென்றால்கூட, அது அவனிடம் ஒப்படைத்ததாகவும் அவன் கவனக்குறைவால் போனதாகவும் இருக்க வேண்டும். பிடிக்கும் முன் விளக்கமும் கேட்க வேண்டும். முன்பிருந்த 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்திலும் இதுதான் விதியாக இருந்தது; இப்போதுள்ள 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதுதான் விதி. வாடிக்கையாளர் புடவையை மாற்றினால் விற்றவன் என்ன செய்வான்?

முதலாளி, "தீபாவளி போகட்டும்பா" என்றார். தொழிலாளர் துறைக்கு எழுதிய மனுவைக் காட்டியதும் பாதியை எண்ணிக் கொடுத்தார். சரி, மீதிக்கு மனுவைக் கொடுத்துவிட்டோம்.