பெருக்கலில் இடம் தவறும் மகள், வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறோம். மகள் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 4. வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும், ஆனால் ஈரிலக்க எண்ணால் பெருக்கச் சொன்னால் திணறுகிறாள்.

நேற்று 347 × 26. முதலில் 6ஆல் பெருக்கி 2082, சரி. அடுத்து 2ஆல் பெருக்கி 694 என்று எழுதி, அதை 2082க்கு நேர் கீழேயே வைத்துக் கூட்டிவிட்டாள். விடை 2776! அந்த 2 உண்மையில் 20, அதனால் ஒன்றின் இடத்தில் 0 போட்டு 6940 என்று எழுத வேண்டும், மொத்தம் 9022 என்று விளக்கினேன். தலையை ஆட்டினாள். அடுத்த கணக்கில் அதே தவறு.

350ஐ 20ஆல் பெருக்கினாலே 7000 வருமே, 2776 எப்படிச் சரியாகும் என்று கேட்டால் என்னையே முறைக்கிறாள்.

405 × 8இல் இன்னொரு சிக்கல். 5 × 8 = 40இல் மிச்சம் வரும் 4ஐ, 405இன் நடுவில் 0 இருப்பதால் மறந்துவிட்டு 3200 என்கிறாள், 3240க்குப் பதிலாக.

கட்டம் போட்ட நோட்டில் இலக்கத்துக்கு ஒரு கட்டமாக எழுத வைத்தால் உதவுமா? குறுக்குக் கோடு போட்டுப் பெருக்கும் கட்டமுறையை இப்போது சொல்லிக்கொடுத்தால் இன்னும் குழம்புவாளா? ஆசிரியர்கள், பெற்றோர்கள் யாராவது சொல்லுங்கள். அப்புறம், தியூசன் வேண்டாம் என்பதில் அவளும் நானும் ஒரே கட்சி.