துகளா, குருணையா, பரலா? – 'லா ஸ்த்ராதா'வின் மூன்று வட்டுகளை முன்வைத்து

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். படச்சுருளின் பிம்பத்தில் பொடிப்பொடியாகத் தெரிவதை ஆங்கிலத்தில் கிரெய்ன் (grain) என்கிறார்களே, அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். 'கிரெய்ன் என்பதற்குத் துகள் என்றே நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்' என்று நேற்றிரவு ஐயா எழுதியதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. துகள் கூடாது, ஐயா. ஏன் என்பதை ஒரே படத்தின் மூன்று வட்டுகளை வைத்துச் சொல்கிறேன். சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடினால் அகராதியைச் சுற்றிச் சுற்றி வருவோம். திரையில் என்ன தெரிகிறது என்று ஒருவரும் பார்க்க மாட்டோம்.

படம், ஃபெடரிகோ ஃபெலினியின் 'லா ஸ்த்ராதா'. 1954, கறுப்பு வெள்ளை, 108 நிமிடம். மார்பில் கட்டிய சங்கிலியை மூச்சை இழுத்துப் பிடித்து அறுத்துக் காட்டும் தெருவித்தைக்காரன் ஸம்பானோ. பத்தாயிரம் லீராவைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு அவன் கூட்டிக்கொண்டு போகும் ஜெல்சோமினா. வழியில் ஒரு சர்க்கஸ். அங்கே 'பைத்தியம்' என்று எல்லோரும் அழைக்கும் கயிற்றாட்டக்காரன். நடித்தவர்கள் முறையே ஆண்டனி க்வின், ஜூலியெட்டா மசினா, ரிச்சர்ட் பேஸ்ஹார்ட். கதை இவ்வளவு போதும்.

என்னிடம் இருப்பவை: அமெரிக்காவின் கிரைட்டீரியன் 2003இல் வெளியிட்ட இரட்டை டிவிடி, அதே நிறுவனம் 2021இல் வெளியிட்ட ப்ளூ-ரே, இவை இரண்டுக்கும் இடையில் வாங்கிய ஓர் ஐரோப்பிய வட்டு. மூன்றாவதன் பெயர் வேண்டாம். அதைத்தான் திட்டப் போகிறேன்.

கடைசிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு. குடித்துவிட்டுத் தள்ளாடிக் கடலுக்குள் இறங்கிய ஸம்பானோ கரைக்கு வந்து மணலில் உட்காருகிறான். அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறான். பிறகு குப்புற விழுந்து விரல்களால் மணலைப் பற்றிக்கொண்டு அழுகிறான். ப்ளூ-ரேயில் அந்த இருட்டு அசைந்துகொண்டே இருக்கிறது. வானத்தில் ஒன்றும் இல்லை, ஆனாலும் வெறுமையாக இல்லை. நுண்ணிய ஏதோ ஒன்று நொடிக்கு நொடி கொதித்துக்கொண்டிருக்கிறது. மணல் மணலாக இருக்கிறது. ஐரோப்பிய வட்டில் அதே வானம் சாணம் மெழுகிய திண்ணை. மணல், தார்ப்பாய். விரல்கள் எதைப் பற்றுகின்றன என்றே தெரியவில்லை. க்வினின் கன்னம் மெழுகுப் பொம்மையின் கன்னம்.

என்ன நடந்தது? படச்சுருளில் ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி உப்பின் படிகங்கள் இருக்கின்றன. ஒளி பட்டு, கழுவப்பட்டதும் அவை வெள்ளியாகி நின்றுவிடுகின்றன. பிம்பம் என்று நாம் சொல்வதே அவற்றின் கூட்டம்தான். பிம்பத்தின் மேல் வந்து ஒட்டியவை அல்ல. சட்டகத்துக்குச் சட்டகம் (frame) அவை கிடக்கும் இடம் மாறும். அதனால்தான் ஓடும்போது அந்தக் கொதிப்பு. வட்டு தயாரிப்பவரின் மென்பொருள் அடுத்தடுத்த சட்டகங்களை ஒப்பிட்டு, 'இது இங்கே இருந்தது, இப்போது இல்லை, ஆகவே தேவையற்றது' என்று துடைத்துவிடுகிறது. 108 நிமிடத்துக்கு, நொடிக்கு 24 வீதம், 1,55,520 சட்டகங்கள். அத்தனையிலும் துடைப்பம். அதோடு போவது தலைமுடி, துணியின் நெசவு, மழைத்தாரை, மணல். இழந்த கூர்மையை ஈடுகட்ட உருவங்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடு இழுப்பார்கள்; அது தனிக் கொடுமை. பழைய கோயில் சிற்பங்களின் மேல் மணலைப் பீய்ச்சியடித்துப் 'பளிச்'சென்று ஆக்கினார்களே, உளி பட்ட தடமும் கல்வெட்டு எழுத்தும் மழுங்கிப் போயினவே, அதே காரியம்.

டிவிடியை நான் குறை சொல்ல மாட்டேன். 720க்கு 480 புள்ளி. ப்ளூ-ரேயில் 1920க்கு 1080. ஆறில் ஒரு பங்கு இடத்தில் இவ்வளவு நுணுக்கத்தைத் திணித்தால் சில இடங்களில் கட்டம் கட்டமாகத் தெரியத்தான் செய்யும். அது எளியவனின் குறை. துடைத்தெடுத்தவனின் குற்றம் வேறு.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இழையில் துகளுக்காகச் சொல்லப்பட்ட வாதம் இது:

> துகள் எளிமையானது, எல்லோருக்கும் புரியும்.

புரியும், தவறாகப் புரியும். பழைய படத்தைச் சீர்செய்கிறவர்கள் எந்த ஊரிலும் முதலில் நீக்குவது தூசும் துகளும் கீறலும். நீக்கத்தான் வேண்டும். நாம் இதையும் துகள் என்றால், 'இந்தப் பதிப்பில் துகள்கள் முற்றிலும் நீக்கப்பட்டுள்ளன' என்ற வாக்கியத்தைப் படிக்கிறவர் மகிழ வேண்டுமா, வயிற்றில் அடித்துக்கொள்ள வேண்டுமா? போக வேண்டியதற்கும் இருக்க வேண்டியதற்கும் ஒரே பெயர் வைத்தால் அந்தக் கலைச்சொல்லால் என்ன பயன்?

'இரைச்சல்' (noise) என்று கணினித் துறை நண்பர் சொன்னது, இதைத் தேவையற்றது என்று துடைக்கும் அந்த மென்பொருளின் கட்சி. 'புள்ளி' ஏற்கனவே திரையின் படப்புள்ளிக்குப் போய்விட்டது. 'மணி' நல்ல சொல், நெல்மணியின் மணி. ஆனால் 'படம் முழுக்க மணி தெரிகிறது' என்று எழுதிப் பாருங்கள், சுவர்க்கடிகாரம் நினைவுக்கு வரும். 'குருணை' எனக்கு மிகவும் பிடித்தது. மதுரை அம்மா அதை முன்மொழிந்தபோது அரைமனதாக ஒப்புக்கொண்டும் விட்டேன். ஆனால் குருணை உடைந்த அரிசி, சலித்து ஒதுக்குவது. இதுவோ உடையாதது, ஒதுக்கக் கூடாதது.

என் முன்மொழிவு: பரல்.

முதற்காரணம், உப்பு. தென் மாவட்டங்களில் கல்லுப்பைப் பரல் உப்பு என்பார்கள். படச்சுருளில் இருப்பதும் உப்பின் பரல்தான், வெள்ளி உப்பு. இரண்டாவது, சிலம்பு. வெளியே பார்த்தால் இரண்டு சிலம்பும் ஒன்றுதான். பொற்கொல்லனின் சூழ்ச்சியே அதில்தான் இருந்தது. உள்ளே இருந்த பரல் முத்தா மாணிக்கமா என்பதுதான் எது யாருடையது என்று காட்டியது. வட்டுகளும் அப்படியே. அட்டைப்படம் ஒன்று, நிமிடக் கணக்கு ஒன்று, 'புதிய பிரதி' என்ற விளம்பரமும் ஒன்று. உள்ளே பரல் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். நெகட்டிவிலிருந்து ஒரு படி, அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ், அதிலிருந்து திரையரங்குப் பிரதி என்று இறங்க இறங்க ஒவ்வொரு சுருளும் தன் பரலையும் சேர்த்துக்கொண்டே போகும். ஏடு பெயர்த்து எழுதியவர்கள் ஆளுக்கொரு பிழை சேர்த்ததைப் போல.

(சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் பாண்டியனும் அந்த இடத்தில் சொல்வது 'மணியுடை அரி', 'முத்துடை அரி' என்றுதானே, அரி என்றே வைக்கலாமே என்று புலவர் ஐயா கேட்பார். கேட்கட்டும். அரிக்குத் திருமாலில் தொடங்கி அரிப்பு வரை பொருள் இருக்கிறது. நான் வரவில்லை.)

மூன்றாவது காரணம் இந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. தான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று நொந்துபோய் இருக்கும் ஜெல்சோமினாவிடம் அந்தக் கயிற்றாட்டக்காரன் தரையிலிருந்து ஒரு சிறு கல்லைப் பொறுக்கிக் காட்டுகிறான். இதற்கும் ஏதோ ஒரு பயன் இருக்கிறது, என்னவென்று எனக்குத் தெரியாது, இது வீண் என்றால் நட்சத்திரங்களும் வீண் என்கிறான். அவள் அதைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாள். பரல் என்றால் முதற்பொருளே பருக்கைக்கல். நான் இதைத் தேடிக்கொண்டு போகவில்லை. மூன்று வட்டிலும் அந்தக் காட்சியை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தபோது சொல் தானாக வந்து விழுந்தது.

சொல்லாக்கத்துக்கும் வளைந்து கொடுக்கிறது. நுண்பரல், பெரும்பரல், பரல்நீக்கம். நீக்கிவிட்டுப் பொய்யாகத் தூவுவதற்குப் பரலேற்றம், அப்படியும் செய்கிறார்கள். 'வெள்ளிப்பரல்' என்று நீட்ட வேண்டாம். வண்ணப்படச்சுருளில் கழுவும்போதே வெள்ளி வெளியேறிவிடும். எஞ்சுவது சாயத்தின் திட்டுகள். அதற்கும் பரல் பொருந்தும், வெள்ளி பொருந்தாது.

இழையை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். அந்த ஐரோப்பிய வட்டில் இன்னொரு வேடிக்கை: படம் 104 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வெட்டு ஒன்றும் இல்லை. அங்கே தொலைக்காட்சி முறைக்கு நொடிக்கு 25 சட்டகம் வேண்டும் என்பதால் 24ஐ அப்படியே வேகமாக ஓட்டிவிட்டார்கள். விளைவு, ஜெல்சோமினா ஊதும், இசையமைப்பாளர் நினோ ரோட்டாவின் மெட்டு அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலேறி ஒலிக்கிறது. சோகமான பாட்டு ஏதோ அவசரத்தில் இருப்பது போல. ஸ்வரஞானம் உள்ளவர்கள் இதற்கும் ஒரு சொல் யோசியுங்கள். குரல் விஷயம் அதைவிடச் சிக்கல்: இத்தாலிய ஒலித்தடத்தில் க்வினுக்குப் பேசுவது ஆர்னால்தோ ஃபோவா; ஆங்கிலத் தடத்தில்தான் க்வினின் சொந்தக் குரல். 'மூல ஒலி' என்று எதைச் சொல்வது? நான் இத்தாலியத்தில்தான் பார்ப்பேன், ஏனென்றால் மசினா அதில்தான் மசினா. இதை வேறு இழையில் பேசுவோம்.

ஐயா, பட்டியலை ஞாயிறு வரை பூட்டாமல் வையுங்கள். துகளைத் தூசுக்கே விட்டுவிடுங்கள். அதற்கும் ஒரு சொல் வேண்டுமே.

பி.கு.: இதை எழுதி முடித்துவிட்டு அந்தக் கடற்கரைக் காட்சியை வீட்டில் காட்டினேன். 'திரையில் எறும்பு ஊர்கிறதே' என்றார் அம்மா. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகில் போய்ப் பார்த்துவிட்டு, 'ரவை' என்றாள், ஒரே சொல்லில். எனக்கே ஒரு நிமிடம் ஆட்டம் கண்டுவிட்டது. ஈழத்து நண்பர்களுக்கு ரவை என்றதும் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனாலும் நேர்மைக்காக அதையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.