ஹாம்லெட் ஓபராவில் பாதி வசனத்தைக் காணோம்

குடந்தை வாத்தியார்:
கும்பகோணத்தில் முப்பது வருஷம் பி.ஏ. பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பிரெட் டீன் இசையமைத்து 2017-இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்னில் அரங்கேறிய ‘ஹாம்லெட்’ ஓபராவை, அதாவது வசனத்தையே பாட்டாகப் பாடும் மேற்கத்திய இசை நாடகத்தை, போன வாரம் பேரன் டிவியில் போட்டுக் காட்டினான். பழக்கதோஷம், புத்தகத்தை மடியில் விரித்து விரல் வைத்துக்கொண்டே பார்த்தேன். பக்கம் தேடியே பொழுது போயிற்று. “இருப்பதா, இல்லாமல் போவதா” மூன்றாம் அங்கத்தில் வரவேண்டியது. இங்கே ஹாம்லெட் வாயைத் திறந்ததுமே பின்பாதியை மட்டும் முனகுகிறான்! பரீட்சைத் தாளில் இப்படி வந்தால் சுழித்திருப்பேன். பாட்டுக்காக இவ்வளவு வெட்டலாமா?

சீர்காழிக்காரன்:
சார், பேசினால் ஒரு நிமிஷம் ஆவது பாடினால் மூன்று நிமிஷம் ஆகும். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘ஒதெல்லோ’ ஓபராவில் (1887), ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வெனிஸில் நடக்கும் முதல் அங்கமே கிடையாது. எங்கள் ஊர் அருணாசலக் கவிராயர் மட்டும் கம்பனின் பத்தாயிரம் பாட்டையுமா ராம நாடகத்தில் வைத்தார்? அப்புறம், டீனுக்கு வசனம் அமைத்த மேத்யூ ஜோசலின் 1603-இல் அச்சான ஹாம்லெட்டின் முதல் பதிப்பிலிருந்தும் எடுத்திருக்கிறார். அதில் நீங்கள் சொல்லும் வரியே வேறு மாதிரி முடியும்.

மேலட்டூரான்:
எனக்கு ஷேக்ஸ்பியர் தெரியாது. நரசிம்ம ஜெயந்திக்கு எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோவில் முன்னால் பிரகலாத சரித்திர நாடகம் விடிய விடிய நடக்கும். அத்தனையும் தெலுங்கு. ஆண் ஒருவர்தான் பிரகலாதனின் அம்மா லீலாவதி. அவர் நுழைவுப் பாட்டான தருவைப் பாடி உள்ளே வந்து நிற்பதற்குள் எங்கள் பாட்டி இரண்டு தடவை வெற்றிலை மடித்துவிடுவாள். கதை ஓரடி நகர்ந்திருக்காது. புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தடவை பாருங்கள் சார்.

குடந்தை வாத்தியார்:
சரி, நேற்று ராத்திரி மூடிவிட்டுப் பார்த்தேன். ஹாம்லெட்டின் பழைய சிநேகிதர்கள் ரோசன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன் இருவரும் பெண் சுருதியில் பாடும் ஆண்கள். எவன் எவன் என்று வகுப்பில் பையன்கள் குழம்புவார்கள். டீன் அந்தக் குழப்பத்தையே பாட்டாக்கிவிட்டார், சிரித்துவிட்டேன். வெட்டியதற்கு இன்னும் சம்மதமில்லை. ஆனால் ஹாம்லெட்டின் செத்துப்போன அப்பாவின் ஆவியாக வந்த பாடகர் ஜான் டாம்லின்சன்தான் கடைசியில் சுடுகாட்டுக் குழிவெட்டியும். போன தடவை தலையைக் கவிழ்த்திருந்ததில் இதைக் கவனிக்கவே இல்லை. மகன் மண்டையோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் குழிக்குள்ளிருந்து அப்பாவின் குரல்.