தெற்கு பார்த்த சரிவும் வடக்கு பார்த்த சரிவும்: அரிசோனா பள்ளத்தாக்குகளில் கவனிக்க வேண்டியவை

கிராண்ட் கேன்யனில் செடிகொடிகளைக் கவனிக்கப் போகிறவர்கள் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தென்கரையிலிருந்து, அதாவது பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பிலிருந்து, இறங்கும் சுவர் வடக்கு பார்த்தது. வடகரையிலிருந்து இறங்கும் சுவர் தெற்கு பார்த்தது. கரையின் பெயரை வைத்தே சரிவின் முகத்தையும் எழுதிவிட்டால் குறிப்பேடு முழுக்கத் தலைகீழாகிவிடும். புதிதாக வருகிறவர்களிடம் அடிக்கடி பார்க்கிற தவறு இதுதான்.

தென்கரை விளிம்பின் உயரம் சுமார் 2,100 மீட்டர். மேல்தளத்தில் பின்யான் பைனும் ஜூனிபரும், ஆங்காங்கே பாண்டரோசா பைனும் நிற்கும். கீழே இறங்க இறங்க 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி செல்சியஸ் சூடு கூடும். அந்தக் கணக்குப்படி விளிம்புக்குக் கீழே இன்னும் வறட்சியைத் தாங்கும் செடிகள்தான் இருக்க வேண்டும். ஆனால் விளிம்பைத் தாண்டியதும் நிழல் விழும் வடமுகப் பள்ளங்களில் டக்ளஸ் ஃபர் நிற்கிறது. வழக்கமாக இதைவிட உயரமான, குளிர்ந்த காட்டில் வளரும் மரம் அது. மேலே வறண்ட காடு, அதற்குக் கீழே ஈரக் காட்டின் மரம்! எதிர்ப்பக்கம் நேர்மாறு: வடகரைக்குக் கீழே தெற்கு பார்த்த சரிவுகளில் பின்யானும் ஜூனிபரும் வெகு உயரம்வரை ஏறிப்போகின்றன.

காரணம் வெயில்தான், ஆனால் எந்த மாதத்து வெயில் என்பதைப் பார்க்க வேண்டும். இந்த இடம் 36 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 30.5 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். 30 டிகிரி சாய்ந்த தென்முகச் சரிவில் கதிர் கிட்டத்தட்ட நேராக விழுந்து, கதிரின் பலத்தில் 87 சதவீதம் தரைக்குக் கிடைக்கும். அதே சாய்வுள்ள வடமுகச் சரிவில் கதிர் தரையை உரசிக்கொண்டு போய்விடும். கிடைப்பது 1 சதவீதம்தான். ஜூன் 21 நண்பகலில் அதே சரிவுகளுக்குக் கணக்குப் போட்டால் தென்முகத்துக்கு 95, வடமுகத்துக்கு 74. இடைவெளி சுருங்கிவிடுகிறது. தாவரத்தைப் பிரிப்பது கோடை வெயில் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பிரிப்பது குளிர்கால வெயில்.

தென்முகத்தில் விழுந்த பனி சில நாட்களில் உருகி, ஒரு பகுதி காற்றோடு போய்விடும். வடமுகத்தில் அது வாரக்கணக்கில் கிடந்து, மெல்ல மெல்ல உருகி மண்ணுக்குள் இறங்கும். அரிசோனாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை மழை மிகக் குறைவு. ஜூலையில்தான் பருவமழை தொடங்கும். வசந்தத்தில் முளைத்த கன்று அந்த மூன்று மாதத்தைத் தாண்டுவதற்கு மண்ணில் சேர்ந்த பனிநீர்தான் கைகொடுக்கிறது. ஃபர் கன்று எங்கே பிழைக்கும், எங்கே கருகும் என்பது அநேகமாக இங்கேயே முடிவாகிவிடுகிறது.

* * *

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் கிராண்ட் கேன்யனின் இரண்டு சுவர்களையும் நேருக்கு நேர் ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை தேவை. பாறை அடுக்குகள் தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கின்றன. அதனால் வடகரைமேல் விழும் மழையும் பனிநீரும் பள்ளத்தாக்குக்குள் வருகின்றன. தென்கரைமேல் விழுவது பள்ளத்தாக்கை விட்டு விலகி ஓடுகிறது. ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றும் பிரைட் ஏஞ்சல் ஓடையும் வடபுறத்தில் இருப்பது இதனால்தான். வடகரை தென்கரையைவிடச் சுமார் 300 மீட்டர் உயரமும் கூட. ஆக, வடபுறத்தில் ஓர் ஓடைக்கரையில் பசுமையைக் கண்டால் அது சரிவின் திசையால் வந்ததல்ல, ஊற்றால் வந்தது. திசையின் விளைவை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கு மேற்காக ஓடும் சிறு கிளைப் பள்ளம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரு பக்கமும் ஒரே பாறை, ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே சாய்வு இருக்க வேண்டும். ஊற்று இருக்கக் கூடாது.

* * *

தெற்கே டூசான் பக்கம், சோனோரன் பாலைவனத்தில், கதை வேறு மாதிரி. அங்கே எல்லை போடுவது பெரும்பாலும் உறைபனி. சாகுவாரோ கள்ளி 1,200 மீட்டருக்கு மேலே தென்பட்டால் அது பெரும்பாலும் தென்முகச் சரிவாகத்தான் இருக்கும். அதன் சதை முழுக்க நீர். ஓரிரவு உறைந்து மறுநாள் காலையில் வெயில் பட்டால் தாங்கிக்கொள்ளும். பகலிலும் உறைநிலை விலகாமல் போனால் திசுக்கள் சிதைந்துவிடும். எத்தனை டிகிரி குளிர் என்பதைவிட, எத்தனை மணி நேரம் தொடர்ச்சியாக உறைநிலை என்பதுதான் கேள்வி. தாவரவியலாளர் ஃபாரஸ்ட் ஷ்ரீவ் 1911-லேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார். டூசானில் டுமமாக் குன்றின்மேல் 1903-ல் தொடங்கிய பாலைவன ஆய்வகத்தில் பணிபுரிந்தவர் அவர். சாண்டா கட்டலினா மலைகளின் தாவரங்களைச் சரிவு சரிவாகப் பதிவுசெய்த அவருடைய 1915-ஆம் ஆண்டு ஆய்வை இன்றும் எடுத்துப் படிக்கலாம்.

இரவில் குளிர்காற்று கனத்து, சரிவு வழியாக வழிந்து பள்ளத்தின் அடியில் தேங்கும். அதனால் பள்ளத்தின் தரை, நடுச்சரிவைவிடக் குளிராக இருப்பது சகஜம். சாகுவாரோ சரிவில் நின்றுகொண்டு அடித்தளத்தைத் தவிர்ப்பதும், மலைமேல் இருக்க வேண்டிய மரங்கள் ஓடையோரமாகக் கீழே இறங்கி வருவதும் இதனால்தான். திசையை மட்டும் குறித்துக்கொண்டு, சரிவில் எந்த மட்டம் என்பதைக் குறிக்காமல் விட்டால் இந்த விஷயம் பிடிபடாது.

கிழக்கு முகம், மேற்கு முகம் இரண்டுக்கும் மொத்த வெயில் சமம்தானே என்று கேட்பார்கள். கணக்கில் சமம். ஆனால் காலை வெயிலின் ஒரு பகுதி இரவு ஈரத்தை உலர்த்துவதில் செலவாகிறது, காற்றும் குளிர்ந்திருக்கிறது. பிற்பகல் வெயிலோ ஏற்கெனவே காய்ந்த தரையில், சூடான காற்றில் விழுகிறது. அதனால் தென்மேற்குச் சரிவுதான் மிக வறண்டது. பருவமழைக் காலத்தில் பிற்பகல்களில் மேகம் கட்டுவதால் இந்த வித்தியாசம் சற்றுக் குறையும்.

* * *

அளக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. கிராண்ட் கேன்யன் பகுதியில் விலகல் கிழக்கே சுமார் 10 டிகிரி. திசைகாட்டி காட்டும் எண்ணோடு அதைக் கூட்ட வேண்டும். காலடியில் இருக்கும் பாறையின் முகத்தை அளக்காதீர்கள். 20, 30 மீட்டர் நீளத்துக்குச் சரிவு மொத்தமாக எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள்.

திசைக் கோணங்களுக்கு நேரடியாகச் சராசரி எடுக்கவே கூடாது. 350 டிகிரியும் 10 டிகிரியும் இரண்டுமே வடக்கு பார்த்தவை. சராசரி போட்டால் 180, அதாவது நேர் தெற்கு! கோணத்தின் கொசைன் மதிப்பை எடுத்தால் வடக்குக்கு 1, தெற்குக்கு கழித்தல் 1 என்று வந்துவிடும். வறட்சியையும் சேர்த்துப் பார்க்க, 45-லிருந்து கோணத்தைக் கழித்து அதன் கொசைனோடு 1 கூட்டுங்கள். வடகிழக்குக்கு 2, தென்மேற்குக்கு 0 கிடைக்கும்.

எதிர்ச்சுவரின் உயரக் கோணத்தையும் சாய்வுமானியால் பாருங்கள். 36 டிகிரி அட்சரேகையில் தெற்கே நிற்கும் சுவர் 31 டிகிரிக்கு மேல் உயர்ந்திருந்தால், தென்முகச் சரிவுக்கும் டிசம்பர் நண்பகல் வெயில் கிடையாது. தாளில் தெற்கு, தரையில் நிழல். பக்கத்து யூட்டா மாநிலத்தில் உள்ள சயான் பூங்காவின் இடுக்கான கிளைப் பள்ளங்களில், பாலைவனச் செடிகளுக்குக் கொஞ்ச தூரத்திலேயே வெள்ளை ஃபர் நிற்பதற்கு இந்த நிழலே முக்கியக் காரணம்.

வெப்பப் பதிவுக்குப் பொத்தான் அளவிலான பதிவுக்கருவிகள் போதும். 2,048 அளவீடுகள் கொள்ளும் வகையை மணிக்கொரு முறை என்று அமைத்தால் 85 நாளில் நிரம்பிவிடும். குளிர்காலம் முழுதும் வேண்டுமென்றால் இரண்டு மணிக்கொரு முறை என்று வையுங்கள். வெயிலில் வெறுமனே தொங்கவிட்டால் அது காட்டுவது உலோகத்தின் சூடு, காற்றின் சூடல்ல. காற்றோட்டமுள்ள வெள்ளைக் கூண்டுக்குள் வைக்க வேண்டும். மண்ணுக்கென்றால் எல்லா இடத்திலும் ஒரே ஆழம், 5 சென்டிமீட்டர். பேக்ரேட் எனும் காட்டெலி பளபளக்கும் பொருளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மங்கலான வண்ணம் பூசிக் கம்பியால் கட்டுங்கள். தேசியப் பூங்காவுக்குள் கருவி வைக்க ஆய்வு அனுமதி கட்டாயம்.

* * *

நடக்கப் போகிறவர்களுக்கும் இது உதவும். குளிர்காலத்தில் பிரைட் ஏஞ்சல் பாதையின் மேற்பகுதி வடக்கு பார்த்து நிழலில் கிடப்பதால், மிதிபட்ட பனி இறுகிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். கரையில் தரை காய்ந்திருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். காலணிக்கு முள் பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாதையை விட்டு விலகவும் வேண்டாம். வடமுகச் சரிவுகளில் பாசியும் லைக்கனும் சேர்ந்த கறுப்பு மண்பொருக்கு நன்றாக வளர்ந்திருக்கும். அது மண்ணைப் பிடித்துவைக்கிறது. ஒரு மிதியில் நொறுங்கிவிடும், திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும்.