இறந்தவர் பெயருக்குப் பிரிட்டனில் வந்த பார்க்கிங் டிக்கெட்: உங்களுக்கு நடந்தது என்ன?

நிலாமுற்றம் (ஹரோ)

அப்பாவின் கார், லொக்புக்கில் (காரின் பதிவுப் பத்திரம்) அப்பாவின் பெயர், ஓட்டியது நான். ஆஸ்பத்திரிக் கார் பார்க். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கமரா நம்பர் பிளேட்டைப் பிடிக்கும், நடுவில் மெசினில் காசு கட்ட வேண்டும், உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். அந்த இரவு யார் மெசினைத் தேடிப் போவார்கள்?

கடிதம் வந்தபோது அப்பாவின் உடல் இன்னும் பியூனரல் டிரெக்டரிடம்தான் (இறுதிச்சடங்கை நடத்துபவர்) இருந்தது. தகனத்துக்கு நாள் கிடைக்காமல் காத்திருந்த கிழமை. உறைக்கு மேல் அப்பாவின் முழுப்பெயர், மிஸ்டர் போட்டு. மெசினில் காசு கட்டாததற்கு 100 பவுண், 14 நாளுக்குள் கட்டினால் 60.

என்னால் மறக்க முடியாதது அந்தக் கடிதத்தில் இருந்த இரண்டு படங்கள். இரண்டிலும் இருட்டு, இரண்டு ஹெட்லைட், ஒரு நம்பர் பிளேட், கீழே நேரம். உள்ளே போன படத்தில் அந்த இருட்டுக்குள் முன் சீட்டில் அப்பா இருக்கிறார். மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டபடி என்னிடம் "மெதுவா ஓட்டு பிள்ளை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வெளியே வந்த படத்தில் அவர் இல்லை. பார்த்தால் இரண்டு படமும் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன.

கார் பார்க்கை நடத்தும் கம்பனிக்குப் போன் எடுத்தேன். தரவுப் பாதுகாப்பு, அதனால் அப்பாவோடுதான் கதைக்க முடியும் என்றாள் அந்தப் பெண். அவர் இறந்துவிட்டார் என்றேன். அப்படியென்றால் உங்களோடு கதைக்க அவர் சம்மதித்துக் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும் என்றாள். நான் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் இருந்து அழுதேன்.

முடிவு நல்லபடியாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரியின் நோயாளர் உதவிப் பிரிவுக்கு (பால்ஸ் என்பார்கள்) ஒரு ஈமெயில் போட்டேன், அவர்கள் சொல்லி ரத்துச் செய்தார்கள். கம்பனியிடமிருந்து வந்தது ஒரே ஒரு வரி. அதுவும் அப்பாவின் பெயருக்கே.

ஈஸ்ட்ஹாம் ரவி

வாசிக்கவே கஷ்டமாக இருக்கிறது தங்கச்சி.

எங்கள் வீட்டில் அப்பா போய் ஒரு மாதத்துக்குள் வந்தது. அவர் உயிரோடு இருந்தபோது கோயிலுக்குப் போய்வரும் வழியில் ஏதோ கடைத்தொகுதியில் நிறுத்தியதற்கு. நான் உறையை ஒளித்து வைத்திருந்தேன், அம்மா கண்டுபிடித்துவிட்டார். ஆங்கிலம் அவ்வளவு வாசிக்கமாட்டார், ஆனால் சிவப்பு எழுத்தில் காசுக் கணக்கு என்றால் விளங்கும். "உங்கட அப்பா ஊரிலயும் இங்கயும் ஒருத்தருக்கும் ஒரு சதம் கடன் வைக்காத மனுசன். அந்தியேட்டிக்கு (ஈமக்கிரியை) முதல் இதைத் தீர்த்துப் போடு" என்றார். அன்று இரவே 60 பவுணைக் கட்டினேன். கட்டிய ரசீதை அம்மா வாங்கிச் சாமியறையில் அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கோண்டாவிலான்

ரவி, கோபிக்க வேண்டாம், ஆனால் நீங்கள் கட்டியிருக்கவே கூடாது. இப்படி ஒவ்வொரு வீட்டிலும் துக்கத்தில் கட்டிவிடுவார்கள் என்று தெரிந்துதானே அந்த 14 நாள் தள்ளுபடியையே வைத்திருக்கிறார்கள்.

என் கதை சின்னது. மாமியின் பெயருக்கு வந்தது, மரணச் சான்றிதழின் பிரதியோடு ஒரு கடிதம் போட்டேன், விட்டுவிட்டார்கள். ஆனால் இதை வாசிப்பவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

முதலில், இது கவுன்சில் போடும் அபராதம் இல்லை. தனியார் கம்பனி, ஒப்பந்தத்தை மீறினாய் என்று அனுப்பும் பில். ஆனால் வெறும் மிரட்டல் என்றும் நினைக்காதீர்கள். செம்ஸ்போர்ட் கடைத்தொகுதியில் 2 மணிநேர இலவச நேரத்துக்கு மேல் 56 நிமிடம் நின்றவரின் 85 பவுண் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015இல் கம்பனி பக்கம்தான் தீர்ப்பு வந்தது.

இங்கிலாந்து, வேல்ஸில் ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால் வாகனத்தை வைத்திருப்பவரிடம், அதாவது கீப்பரிடம், காசு கேட்கும் உரிமை 2012ஆம் ஆண்டின் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இருக்கிறது. சும்மா கொடுத்த உரிமை இல்லை, நிபந்தனை உண்டு. கண்ணாடியில் டிக்கெட் ஒட்டாமல் கமராவை மட்டும் நம்பி அனுப்பினால், நிறுத்திய நாளுக்கு அடுத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் கடிதம் கைக்கு வந்திருக்க வேண்டும். பிந்தி வந்தால் கீப்பரைக் கேட்க முடியாது. ரவி, உங்கள் அப்பாவுக்கு வந்தது அவர் போன பிறகு என்கிறீர்கள். திகதியைப் பார்த்தீர்களா?

இன்னொன்று. அந்தச் சட்டத்தில் கீப்பர் என்றால் கார் நிறுத்தப்பட்ட நேரத்தில் அதை வைத்திருந்தவர். லொக்புக்கில் பெயர் உள்ளவர்தான் அவர் என்று ஊகிப்பார்கள், இல்லை என்று நிரூபித்தால் அந்த ஊகம் விழுந்துவிடும். ஆள் இறந்த பிறகு நடந்த பார்க்கிங் என்றால் மரணச் சான்றிதழில் உள்ள திகதியே நிரூபணம்.

அவர் இருக்கும்போதே நடந்தது என்றால்? அது அவர் விட்டுப்போன சொத்திலிருந்து தீர்க்க வேண்டிய கடன், பிள்ளைகளின் கடன் இல்லை. பிள்ளை, மனைவி என்பதற்காக உங்கள் சொந்தப் பையிலிருந்து யாரும் கேட்க முடியாது. எக்ஸிகியூட்டராக (உயிலை நிறைவேற்றப் பொறுப்பானவர்) இருப்பவர்கள் அரசின் 'கெசட்' இதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் அறிவித்தல் போட்டு இரண்டு மாதம் பொறுத்தால், அதற்குப் பிறகு தலைகாட்டும் கடன்காரர்களிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ளலாம். அது 1925ஆம் ஆண்டின் டிரஸ்டி சட்டம். வீடு, வங்கிக் கணக்கு என்று விட்டுப் போயிருந்தால் பார்க்கிங் டிக்கெட் இல்லாவிட்டாலும் இதைச் செய்வது நல்லது.

போனில் கதைக்கவே வேண்டாம். எழுத்தில் மட்டும். "இன்னார் இத்தனையாம் திகதி காலமானார், பிரதி இணைப்பில், ரத்துச் செய்து எழுத்தில் உறுதிப்படுத்துங்கள், இந்த முகவரிக்கு அவர் பெயரில் இனி எதுவும் அனுப்ப வேண்டாம்." இவ்வளவு போதும். யார் ஓட்டினார், ஏன் பிந்தியது என்ற கதையெல்லாம் எழுதாதீர்கள். மூலச் சான்றிதழை ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

ஈஸ்ட்ஹாம் ரவி

கோண்டாவிலான் அண்ணா, திகதியைப் பார்த்தேன். கண்ணாடியில் முதலே டிக்கெட் ஒட்டியிருக்கிறார்கள், அப்பா எங்களிடம் சொல்லவில்லை. கண்ணாடியில் ஒட்டினால் கடிதம் 28 நாளுக்குப் பிறகு 56 நாளுக்குள் வரலாம் என்று நீங்கள் சொல்லும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. நான் கட்டியது சட்டம் தெரியாமல் இல்லை. அம்மா அன்று இரவு நித்திரை கொள்ள வேண்டும் என்பதற்காகக் கட்டினேன். திரும்ப நடந்தாலும் கட்டுவேன்.

கிளாஸ்கோ குமார்

ஏன் இவ்வளவு எழுத்து? பெரியப்பாவின் பெயருக்கு வந்ததையெல்லாம் குப்பையில் போட்டோம். பெரியம்மா மட்டும் ஒவ்வொரு உறையையும் திறக்க முதல் அவர் பெயர் அச்சடித்திருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்ப்பார். அதைப் பார்க்கத்தான் எங்களால் முடியவில்லை. ஒரு வருசத்தில் தானாக நின்றுவிட்டது.

மதுரைக்காரி (சவுத்தாம்ப்டன்)

எங்களுக்கு வந்தது கொஞ்சம் வேறு மாதிரி. சித்தப்பா இறந்து மூன்று வாரம் இருக்கும். சித்தி அவர் காரை எடுத்துக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். இரண்டு மணிநேரம் இலவசம். நாலு மணிநேரத்துக்கு மேல் நின்றிருக்கிறார். கடையில் அவ்வளவு நேரமா என்று கேட்டேன். கடைக்குள்ளேயே போகவில்லையாம். "வீட்ல அழுதா பிள்ளைங்க பயப்படுதுங்க, அதான் கார்ல உக்காந்திருந்தேன்" என்றார். கார் முழுக்கச் சித்தப்பாவின் விபூதி வாசனை அப்படியே இருந்தது.

டிக்கெட் சித்தப்பா பெயருக்கு வந்தது. கம்பெனிக்கு எழுதாமல் நேராக அந்தக் கடை மேனேஜரிடம் போனோம். கடைக்காரர்கள் சொன்னால் கம்பெனி பெரும்பாலும் கேட்கும். சித்தி பேசவே இல்லை, நான்தான் சொன்னேன். அந்த மேனேஜர் கடிதத்தை வாங்கிக்கொண்டு, "நீங்க இனிமேல் இதைத் திறக்க வேண்டாம்" என்றார். ரத்தாகிவிட்டது.

ஆனால் அந்தக் கடிதத்தால்தான் இன்னொன்று தெரிந்தது. இன்சூரன்ஸ் சித்தப்பா பெயரில் இருந்தது. பாலிசிக்காரர் இறந்தால் பெரும்பாலும் பாலிசியும் அதோடு போய்விடும், சித்தி பெயர் கூடுதல் ஓட்டுநராக அதில் இருந்தாலும். ரோடு டாக்ஸும் புது ஆளுக்கு மாறாது, புதிதாகக் கட்ட வேண்டும். சித்தி அன்றைக்கு எதிலாவது மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. மரணத்தைப் பதியும்போது 'டெல் அஸ் ஒன்ஸ்' என்ற அரசு சேவைக்கு ஒரு எண் கொடுப்பார்கள், அதில் ஒருமுறை சொன்னால் அரசு பென்ஷன், பாஸ்போர்ட், டி.வி.எல்.ஏ. (வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் துறை) எல்லாவற்றுக்கும் போய்விடும். காரை யார் வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதை மட்டும் லாக்புக்கோடு தனியாக எழுதி அனுப்ப வேண்டும்.

தேனருவி (பேர்மிங்ஹாம்)

குமார் தம்பி, தயவுசெய்து "குப்பையில் போடுங்கள்" என்று இங்கே எழுதாதீர்கள். கோண்டாவிலான் சொன்ன அந்தச் சட்ட அட்டவணை ஸ்காட்லாந்துக்கு இல்லை. உங்களுக்கு அங்கே நடந்ததைக் கேட்டு இங்கிலாந்தில் இருப்பவர்கள் நடக்கக் கூடாது.

என் அண்ணா தனியாக இருந்தவர். திடீரென்று மாரடைப்பு. அவருடைய பிளாட்டைக் காலி செய்யவே எங்களுக்கு மாதக்கணக்கானது, கதவுக்குப் பின்னால் கடிதங்கள் குவிந்து கிடந்தன. 100 பவுண் 170 ஆகியிருந்தது, கடன் வசூல் கம்பனி 70ஐச் சேர்த்துவிட்டது. அந்த வசூல் கம்பனிக்கு வீட்டுக்குள் வர உரிமை ஒன்றும் கிடையாது, அதற்கு நான் பயப்படவில்லை. அதற்கு அடியில்தான் நோர்தாம்ப்டன் நீதிமன்ற மையத்திலிருந்து வந்த வழக்குப் படிவம் இருந்தது. அதற்கும் அடியில் தீர்ப்பு. பதில் வராததால் அண்ணாவுக்கு எதிராகத் தீர்ப்பு. வழக்குப் போட்ட திகதியில் அண்ணா சாம்பலாகி, அந்தச் சாம்பலை யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் கரைத்துவிட்டு நாங்கள் திரும்பி வந்திருந்தோம்.

அந்தத் தாளில் அவரைப் "பிரதிவாதி" என்று போட்டு, அவர் பதில் தரவில்லை என்று எழுதியிருந்ததை நான் அதே பிளாட்டின் தரையில் இருந்து திரும்பத் திரும்ப வாசித்தேன். பதில் தராதவர் என்று அவரைச் சொல்லவே முடியாது. எல்லார் போனையும் முதல் மணியிலேயே எடுக்கிற மனிதர்.

இறந்த ஆளின் மேல் வழக்குத் தொடுக்க முடியாது. போடுவதென்றால் அவருடைய சொத்தைப் பொறுப்பெடுத்தவர்கள் மேல்தான் போட வேண்டும். அதை எழுதி, மரணச் சான்றிதழோடு நீதிமன்றத்துக்கும் கம்பனியின் வக்கீலுக்கும் அனுப்பினோம். தீர்ப்பை நீக்கிவிட்டார்கள். ஆனால் அலைச்சல் எங்களுக்குத்தான். அதனால், கட்டாதீர்கள், கட்டுங்கள், எதுவாவது செய்யுங்கள், உறையை மட்டும் திறக்காமல் வைக்காதீர்கள். தனியாக இருந்த ஒருவர் இறந்தால் ரோயல் மெயிலில் அவருடைய தபாலை உங்கள் வீட்டுக்குத் திருப்பச் சொல்லி உடனே பதியுங்கள்.

வெண்மதி

நான் லண்டனில் வார்டில் வேலை செய்யும் நர்ஸ். நிலாமுற்றம் எழுதியதைப் படித்துவிட்டுப் போக முடியவில்லை. இது மாதிரிக் குடும்பங்களை வாரா வாரம் பார்க்கிறேன்.

ஒருவர் கடைசி மணிநேரத்தில் இருக்கும்போது குடும்பத்திடம் பார்க்கிங் பற்றிப் பேச எங்களுக்கே வாய் வராது. ஆனால் நீங்கள் கேட்கலாம். பல ஆஸ்பத்திரிகளில் வார்டிலோ வரவேற்பிலோ ஒரு டேப்லெட் கணினி இருக்கும், அதில் கார் நம்பரை ஏற்றிவிட்டால் டிக்கெட்டே வராது. இங்கிலாந்தில் ஊனமுற்றோருக்கான நீல அட்டை வைத்திருப்பவர், அடிக்கடி சிகிச்சைக்கு வருபவர், இரவு தங்கும் நோயாளிக் குழந்தையின் பெற்றோர், இவர்களுக்கு ஆஸ்பத்திரி பார்க்கிங் இலவசம். கேட்காமல் போனால் கிடைக்காது.

பிறகு டிக்கெட் வந்தாலும், அன்று இத்தனை மணிக்கு இன்ன நோயாளி இங்கே இருந்தார் என்று வார்டிலிருந்து ஒரு கடிதம் கேளுங்கள். எங்கள் வார்டில் கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். வார்ட் சிஸ்டர் கையெழுத்துப் போட இரண்டு நிமிடம் ஆகாது.